ஸ்லோவேனியாவில் தனியாகக் கார்ப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற செப்டம்பரில் ஸ்லோவேனியாவில் பதினொரு நாள் இருந்தேன். அதில் ஒன்பது நாள் வாடகைக் காரில், தன்னந்தனியாக. திரும்பி வந்ததிலிருந்து அலுவலகத்திலும் உறவுக்காரர் வீட்டு விசேஷங்களிலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன்.

ஏன் ஸ்லோவேனியா? பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லாம் இருக்கிறதே?

நான் தனியாக ஓட்டப்போகிறேன் என்று முடிவு செய்த பிறகுதான் நாட்டைத் தேடினேன். ஒரே மொழி, ஒரே சாலை விதி, ஒரே சுங்கமுறையோடு முடிகிற நாடு வேண்டும். அதற்குள் மலையும் கடலும் வேண்டும். ஸ்லோவேனியாவின் பரப்பளவு 20,271 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள்தொகை சுமார் 21 லட்சம். 1991-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது, 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2007-இல் யூரோவுக்கு மாறியது. வடக்கே ஜூலியன் ஆல்ப்ஸ், தென்மேற்கே சுண்ணாம்புக் குகைகள், அதைத் தாண்டினால் 50 கிலோமீட்டர்கூட நீளாத ஒரு துண்டுக் கடற்கரை.

சின்ன நாடுதானே, மூன்று நாள் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வரைபடத்தைப் பார்த்தால் ஆசை வரும். தலைநகர் லுப்லியானாவிலிருந்து பிளெட் ஏரி 55 கிலோமீட்டர். கடலோர ஊரான பிரான் 120 கிலோமீட்டர். காலையில் பனிமலை, மாலையில் கடல் என்று ஒரே நாளில் ஓட்டிவிடலாம்தான். நானும் முதலில் அப்படித்தான் ஐந்து நாளுக்குத் திட்டம் போட்டிருந்தேன்.

ஆனால் தனியாக ஓட்டுகிறவருக்குச் சாலையைத் தவிர எதுவும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவர் பார்த்துச் சொல்வார், நீங்கள் ஓரக்கண்ணால் பார்ப்பீர்கள், அடுத்த முறை அவர் ஓட்டுவார். தனியாக இருக்கும்போது ஓட்டுகிற நேரம் வேறு, பார்க்கிற நேரம் வேறு. வடக்கே க்ரான்ஸ்கா கோரா என்ற ஊரிலிருந்து மலையைத் தாண்டி, சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் போவெத்ஸ் போக 50 கிலோமீட்டர்தான். நிற்காமல் ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்படிப் போயிருந்தால் என் நினைவில் மிஞ்சியிருப்பது தாரும் தடுப்புக்கம்பியும்தான். நான் பதினேழு இடத்தில் நிறுத்தினேன். காலை எட்டுக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பள்ளத்தாக்கை நான் பார்த்தது அந்தப் பதினேழு நிறுத்தங்களில்தான்.

ஒன்பது நாளில் மொத்தம் 640 கிலோமீட்டர் ஓட்டினேன். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக்கூட அதைவிட அதிக தூரம். கூகுள் காட்டும் நேரத்தை மூன்றால் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனீர்கள்?

முதல் இரண்டு நாள் லுப்லியானா, கார் இல்லாமல். நகர மையத்தில் 2007-லிருந்து வாகனங்களுக்குத் தடை, அங்கே கார் வெறும் சுமை. அருகருகே நிற்கும் மூன்று பாலங்களின் அமைப்பும் ஆற்றங்கரைச் சந்தையும் தேசிய நூலகமும் யோஜே பிளெச்னிக் என்ற ஒரே கட்டடக் கலைஞரின் கைவண்ணம். லுப்லியானாவில் அவர் செய்த வேலைகளை 2021-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதை நடந்துதான் பார்க்க வேண்டும்.

பிறகு கார். போஹின் ஏரியோரம் மூன்று இரவு, வர்ஷிச் கணவாய் வழியாக இறங்கி சோச்சா பள்ளத்தாக்கில் மூன்று இரவு, க்ராஸ் சுண்ணாம்பு மேட்டில் ஒன்று, பிரானில் ஒன்று. கிழக்கே ப்துய், மாரிபோர், லோகர் பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். மாரிபோரில் 400 ஆண்டைத் தாண்டியும் காய்க்கிற திராட்சைக்கொடி ஒன்று இருக்கிறது. அதை விட்டதில் மட்டும் மனக்குறை.

விசா, ஓட்டுநர் உரிமம்?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா அது. கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். வெனிஸில் விமானம் இறங்கினாலும், இரவெல்லாம் ஸ்லோவேனியாவில் என்றால் ஸ்லோவேனியாவிடம்தான்.

உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும், அது இல்லாமல் அனுமதிப் புத்தகத்துக்கு மதிப்பில்லை.

எந்தக் கார் எடுப்பது?

கிடைப்பதிலேயே சின்னது. கிராமத்துச் சந்துகளும் மலைச்சாலைகளும் குறுகல். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சில வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். கியர் வண்டிதான் அங்கே சாதாரணம். முன்பணத்தைப் பிடித்துவைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். விபத்து நேர்ந்தால் நம் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாகப் போகிறவர் முழுக் காப்பீடு எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. மனம் நிம்மதியாக இருந்தால்தான் மலையில் கை நடுங்காது.

நகரத்தில் எடுக்காமல் விமான நிலையத்தில் எடுங்கள். சுற்றிலும் வயல், நேர்ச்சாலை. பழகிக்கொள்ள அந்த முதல் அரை மணி நேரம் மிக முக்கியம்.

வலப்பக்கம் ஓட்டுவது பயமாக இல்லையா?

முதல் நாள் இருந்தது. எனக்கு உதவியது ஒரே குறிப்பு: ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். கோடு என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

நாலு வண்டி முன்னால் போகும்போது தவறவே மாட்டோம், அவர்கள் பின்னால் போய்விடுவோம். ஆபத்து ஆளில்லாத சாலையில். சோச்சா பள்ளத்தாக்கில் த்ரெந்தா என்ற இடத்தில் ஆற்றைப் பார்க்க நிறுத்தி, திரும்ப ஏறிக் கிளம்பியபோது பழக்கதோஷத்தில் இடப்பக்கம் போய்விட்டேன். இருநூறு மீட்டர் தள்ளி ஒரு டிராக்டர் எதிரே வந்தது. அவர் நிதானமாக வந்ததால் தப்பித்தேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கத்தியிருப்பார்கள். அன்று இரவே ஒரு காகிதத்தில் அம்புக்குறி வரைந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒட்டினேன். கடைசி நாள் வரை அது இருந்தது.

சுங்கம், பெட்ரோல், சாலை விதிகள்?

நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி கிடையாது. அதற்குப் பதில் வின்யெட் என்ற மின்னணு அனுமதி, வண்டி எண்ணோடு இணைந்தது. ஸ்லோவேனியாவில் எடுக்கும் வாடகைக் காருக்குப் பெரும்பாலும் இருக்கும், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெனிஸிலோ வியன்னாவிலோ எடுத்து வந்தால் எல்லையைத் தாண்டும் முன் நீங்களே வாங்க வேண்டும். ஒரு வாரத்துக்குச் சுமார் 16 யூரோ. இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவில் ஆரம்பிக்கிறது.

நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130, ஊருக்கு வெளியே 90, ஊருக்குள் 50. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பாதசாரி வெள்ளைக்கோட்டில் கால் வைத்தாலே நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள். ஒன்பது நாளில் நான் கேட்ட ஹாரன் இரண்டே இரண்டு.

பெட்ரோலை நெடுஞ்சாலைக்கு வெளியே உள்ள பங்க்குகளில் போடுங்கள். அங்கே விலைக்கு அரசு உச்சவரம்பு உண்டு, நெடுஞ்சாலை ஓரப் பங்க்குகளில் கூடுதல்.

வர்ஷிச் கணவாய் புதியவர்கள் ஓட்டக்கூடியதா?

ஓட்டலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியவருக்கு இது கடினமே இல்லை. உச்சி 1,611 மீட்டர். மொத்தம் 50 வளைவு, ஒவ்வொன்றிலும் எண் பலகை. க்ரான்ஸ்கா கோரா பக்கம் ஏறும்போது வரும் வளைவுகளில் இன்னும் கல் பாவியிருக்கிறது. மழையில் அது வழுக்கும், பைக்காரர்கள் அங்கே தடுமாறுவதைப் பார்த்தேன். காலை ஒன்பதுக்கு முன் ஏறிவிடுங்கள். அதன்பிறகு சைக்கிள், பைக், கேரவன் என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் இரண்டாம் கியரில் விடுங்கள். குளிர்காலத்தில் பனியால் சாலையை மூடிவிடுவார்கள்.

எட்டாவது வளைவில் கட்டாயம் நிறுத்துங்கள். முதல் உலகப்போரில் ஆஸ்திரியா–ஹங்கேரி ராணுவம் சோச்சா போர்முனைக்குத் தளவாடம் கொண்டுபோக இந்தச் சாலையை வெட்டியது. வெட்டியவர்கள் ரஷ்யப் போர்க்கைதிகள். 1916 மார்ச்சில் பனிச்சரிவு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்துபோனார்கள். உயிர் பிழைத்த கைதிகள் இறந்தவர்களுக்காகக் கட்டிய சிறிய மரக்கோயில் அங்கே நிற்கிறது. சாலையிலிருந்து சில நிமிட நடை. நான் போனபோது வேறு யாரும் இல்லை. கீழே வந்து மறுபடி வண்டியில் ஏறியபோது, இந்த வளைவுகளை ரசித்து ஓட்டிக்கொண்டிருந்தேனே என்று நெஞ்சு கனத்தது. அதற்குப் பிறகு உச்சி வரை மெதுவாகத்தான் போனேன்.

உச்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதுதான் நீர்பிரி மேடு. வந்த வழியில் விழும் மழை சாவா ஆற்றில் சேர்ந்து, டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. முன்னால் விழுவது சோச்சாவில் சேர்ந்து ஏட்ரியாட்டிக் கடலுக்கு.

சோச்சா பள்ளத்தாக்கில் மூன்று இரவு எதற்கு? ராஃப்டிங் செய்தீர்களா?

செய்யவில்லை. போவெத்ஸ் முழுக்க அதற்கான கடைகள்தான், விருப்பமுள்ளவர்களுக்கு நல்ல ஊர். நான் தங்கியது கோபாரித் அருகே ஒரு பண்ணை வீட்டில்.

முதலில் ஆற்றின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படத்தில் பார்த்து யாரோ கணினியில் திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புக் கல் மேல் ஓடுவதால் ஆழமான இடத்திலும் அடி தெரிகிறது, மயில் கழுத்தின் பச்சையும் நீலமும் கலந்த நிறம். செப்டம்பரில்கூட தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரை குளிர்ந்தது.

இந்த அழகான ஆற்றங்கரையில்தான் 1915 முதல் 1917 வரை இத்தாலிக்கும் ஆஸ்திரியா–ஹங்கேரிக்கும் பன்னிரண்டு போர்கள் நடந்தன. இத்தாலியர்கள் ஆற்றை இஸோன்ஸோ என்பார்கள். கடைசிப் போர் 1917 அக்டோபர் 24-ஆம் தேதி கோபாரித் பகுதியில் தொடங்கியது. நச்சுவாயுவோடு ஜெர்மானியப் படையும் சேர்ந்துகொள்ள, இத்தாலியப் படை சரிந்து பியாவே ஆறு வரை பின்வாங்கியது. ஊர் நடுவில் இதற்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சிறியது, ஆனால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த நாடு வென்றது என்று அது பேசவில்லை, குளிரிலும் சேற்றிலும் பையன்கள் எப்படி இருந்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. ஊருக்கு மேலே குன்றில் 7,000-க்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்களின் எலும்புகளை வைத்த நினைவுக் கட்டடம். சுவர் முழுக்கப் பெயர்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே அதே பச்சை ஆறு.

முதல் உலகப்போருக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு ஆஸ்திரியா–ஹங்கேரி, பிறகு இத்தாலி, 1947 முதல் யூகோஸ்லாவியா, 1991 முதல் ஸ்லோவேனியா. ஊர் நகரவே இல்லை, நாடுதான் மூன்று தடவை மாறியது. இதைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள், சாலையோரப் பதுங்குகுழிகள் கண்ணில் படும்.

தெற்கே இறங்கும்போது சோல்கானில் ரயில் பாலத்தைப் பாருங்கள். 85 மீட்டர் அகலத்துக்கு ஒரே கல் வளைவு. கல்லால் ஆன ரயில் பால வளைவுகளில் உலகிலேயே பெரியது. அதைத் தாண்டினால் நோவா கொரித்சா. ஒரு சதுக்கத்தின் நடுவிலேயே இத்தாலி எல்லை போகிறது, ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று நிற்கலாம்.

போஸ்தோய்னா குகையா, ஷ்கோத்சியான் குகையா?

குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் போஸ்தோய்னா. 1872-லிருந்து குகைக்குள்ளே ரயில் ஓடுகிறது, நடை குறைவு. இருட்டிலேயே வாழும், கண் தெரியாத, வெளிறிய தோலுள்ள ஓல்ம் என்ற உயிரியை அங்கே காட்டுவார்கள். உள்ளூர்க்காரர்கள் அதை ‘மனித மீன்’ என்கிறார்கள்.

தனியாகப் போகிறவருக்கு ஷ்கோத்சியான். 1986-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கூட்டமாகத்தான் அழைத்துப்போவார்கள், படம் எடுக்க அனுமதியில்லை. அனுமதியில்லாததே நல்லது என்று உள்ளே போனதும் தோன்றியது. சுண்ணாம்புத் தூண்களைக் கடந்து போகப் போக ஒரு இரைச்சல் கேட்கும். பிறகு பூமிக்கு அடியில் ஒரு மலையிடுக்கே திறக்கிறது. சுமார் 45 மீட்டர் கீழே ஆறு ஓடுகிறது, மேலே ஒரு சிறு பாலத்தில் நாம். அந்த ஆற்றின் பெயர் ரேகா. ஸ்லோவேனிய மொழியில் ரேகா என்றால் ஆறு, அவ்வளவுதான். இங்கே பூமிக்குள் போகும் தண்ணீர் இத்தாலியில் கடலோரத்தில்தான் மறுபடி வெளியே வருகிறது. புவியியலில் கார்ஸ்ட் என்று படித்தோமே, அந்தச் சொல்லே க்ராஸ் என்ற இந்த மேட்டின் பெயரிலிருந்து வந்ததுதான். ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள், படிகள் நிறைய.

பிளெட் ஏரி?

அரை நாள் போதும். ஏரி நடுவே தீவு, அதில் ஏற 99 படி, மேலே தேவாலய மணி, கரையில் கிரீம் கேக். கூட்டமும் பார்க்கிங் கட்டணமும் அதிகம். தங்குவது 26 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போஹினில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏரிக்கரையில் நடக்க இடமிருக்கிறது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ‘ப்ரெஸ் மேசா’ என்றால் இறைச்சி இல்லாமல். ஷ்ட்ருக்லி என்று ஒன்று. மாவை மெல்லிதாக இழைத்து, பாலாடைக்கட்டியோ வால்நட்டோ வைத்துச் சுருட்டி வேகவைப்பது. எனக்கு மிகவும் பிடித்தது, நாலு நாள் அதுதான். மரக்கோதுமை (பக்வீட்) மாவில் கிளறும் ழ்கான்த்ஸி நம் களி மாதிரி இருக்கும், ஆனால் மேலே பன்றிக் கொழுப்பு பொரித்துத் தூவுவார்கள். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யோத்தா என்ற பீன்ஸ்–முட்டைக்கோஸ் சூப்பிலும் பெரும்பாலும் புகையூட்டிய இறைச்சி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் கிடையாது, சட்டப்படியே மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, தயிர், பழம் வாங்கி வையுங்கள். தண்ணீர் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமை. குடிநீரை உரிமையாக 2016-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிய நாடு அது.

க்ராஸ் பக்கம் சாலையோரத்தில் ஐவிக் கொடி கட்டிய பலகை கண்டால் அதற்குப் பெயர் ஓஸ்மித்சா. விவசாயி தன் வீட்டுத் திராட்சை மதுவையும் உணவையும் முற்றத்திலேயே விற்கும் பழைய வழக்கம். தனியாக வந்தவர் மதுவைத் தொடாமல் பாலாடைக்கட்டியோடு எழுந்துவிட வேண்டியதுதான். மாற்றி ஓட்ட ஆள் இல்லையே.

பெண் தனியாகப் போகலாமா?

நானும் பெண்தான், 41 வயது. மனிதர்களால் ஒரு சங்கடமும் வரவில்லை. கோபாரித்தில் இரவு ஒன்பதரைக்கு நடந்து வீடு திரும்பியிருக்கிறேன். பயப்பட வேண்டியது மலைக்குத்தான். மதியத்துக்கு மேல் இடியோடு மழை சட்டென்று வரும். எந்தப் பாதையில் நடக்கப்போகிறேன் என்று தங்கிய வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் கிளம்பினேன். ஒரு நாள் நான் வரத் தாமதமானதும் வாசலிலேயே நின்றிருந்தார். அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 113. த்ரெந்தா பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தைப் பதிவிறக்கி வையுங்கள்.

காரிலேயே தூங்கிச் செலவைக் குறைக்கலாமா?

வேண்டாம். முகாம் மைதானங்களுக்கு வெளியே தங்குவதற்குத் தடை, அபராதமும் உண்டு. பண்ணை வீடுகள் சுத்தமாகவும் விலை தாங்கக்கூடியதாகவும் இருக்கின்றன.

பிரானில் கார் எங்கே நிறுத்துவது?

ஊருக்கு வெளியே உள்ள பல அடுக்கு நிறுத்துமிடத்தில். பழைய ஊருக்குள் வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. கடலோரமாக நடந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் சதுக்கத்துக்குப் போய்விடலாம்.

தனியாகச் சலிக்கவில்லையா?

மாலை நேரங்களில் கொஞ்சம். உணவகத்தில் இரண்டு பேர் மேசையில் ஒருவராக உட்காரும்போது. அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. நம் தமிழில் ஒருமை, பன்மை மட்டும்தான். ஸ்லோவேனிய மொழியில் சமஸ்கிருதம் போல இருமையும் உண்டு, அன்றாடப் பேச்சிலேயே. நான் இருக்கிறேன் என்பதற்கு ‘செம்’, நாங்கள் இருவர் இருக்கிறோம் என்பதற்கு ‘ஸ்வா’, மூவரோ அதற்கு மேலோ என்றால் ‘ஸ்மோ’. பண்ணை வீட்டு அம்மா ஒரு மாலை எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் காலை அவரும் நானும் முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மகன் எட்டிப்பார்த்து ஏதோ கேட்டான். அவர் பதிலில் ‘ஸ்வா’ என்ற சொல் காதில் விழுந்தது.

காரைத் திருப்பித் தரும்போது?

எடுக்கும்போதும் தரும்போதும் நாலு பக்கமும், சக்கரமும், கூரையும், பெட்ரோல் முள்ளும் தெரியப் படம் எடுங்கள். ஊருக்கு வந்து ஐந்து வாரம் கழித்து, பின்பக்கக் கீறலுக்கு என்று என் அட்டையிலிருந்து 180 யூரோ எடுத்திருந்தார்கள். எடுத்த அன்றைய படத்திலேயே அந்தக் கீறல் இருந்தது. அனுப்பி வைத்தேன், இரண்டு மின்னஞ்சலுக்குப் பிறகு பணம் திரும்பி வந்தது.